ஹாஜறா மிசியும் ஒன்பதாவது மூடியும்

லேத் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கி என் காதில் விழாது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் விழவில்லை. அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடும் பக்கத்துத் தையல் கடைக்காரர் உள்ளே வந்து சுவரிலிருந்த சுவிட்சை அமர்த்தினார். பாதி கடைந்த தண்டு ஒன்று மெஷினில் கிடந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன காக்கா, வேல நடக்கிறது தெரியல்லயா?" என்றேன்.

"ஹாஜறா மிசி மவுத்தாகிட்டாங்களாம். சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளு செய்யப் போன இடத்தில விழுந்திரிக்காங்க. அசறுத் தொழுகைக்குப் பொறவு அடக்கமாம்."

இன்னாலில்லாஹி என்று வாய் சொன்னது. பிறகு நான் செய்த காரியம் எனக்கே விளங்கவில்லை. சுவிட்சைப் போட்டு அந்தத் தண்டைக் கடைந்து முடித்தேன். முடித்த பிறகுதான் நிலத்தில் குந்தினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹாஜறா மிசி கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் இருபது வருடங்களுக்கு மேல் அரசாங்க மருத்துவிச்சியாக வேலை பார்த்தவர். கட்டையான உருவம், தடித்த கண்ணாடி, தலையை மூடிய வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோளில் ஒரு பை. வேகமாக நடப்பார். கடைசி மூன்று நான்கு வருடங்களில் கால் வீங்கி நடை மெதுவானது. அவருக்குப் பொறுமை அதிகம் என்று மையத்து வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். அது சரியில்லை. அவருக்குப் பொறுமை குறைவு, அதை வெளியில் காட்டாமல் வைத்திருக்கும் பழக்கம் மட்டும் இருந்தது. நான் பக்கத்திலிருந்து பார்த்தவன், எனக்குத் தெரியும்.

நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று அவருடைய மகன் வந்து கேட்டபோது, இரும்போடு மல்லுக்கட்டுகிறவனுக்கு எழுத்து எதற்கு என்று தட்டிக் கழிக்கப் பார்த்தேன். பிறகு, எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

அவரை நான் முதலில் சந்தித்தது எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம். பிரசவ விடுதியில் கருவிகளை ஆவியில் அவிக்கும் பெரிய பாத்திரத்தின் மூடியைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தார். அதன் ஓரத்திலுள்ள வால்வு வழியாக ஆவி ஒழுகுகிறது என்றார். நான் பார்த்தேன். பத்து நிமிட வேலை. ஓட்டையை ஒட்டி அடைத்துவிடுகிறேன், இனிமேல் ஒரு சொட்டும் வராது என்றேன். அவர் மூடியை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்.

"அடைக்கவா? பாஸ், வீட்டுக்குள்ள ஆக்கள வெச்சி வெளியால பூட்டிட்டு நெருப்பு வெப்பீங்களா? இதால ஆவி வெளிய வரத்தான் வேணும். வரக்கூடாத நேரத்தில வருது, அதத்தான் சரிபாக்கணும்."

பயிற்சிக் காலத்தில் ஆவிப் பாத்திர அறையில் ஆறு மாதம் நின்றவராம். அங்கிருந்த மூத்த தாதி ஒருவர் அவரிடம் சொன்னதை எனக்கும் சொன்னார்: "சத்தம் போடுற பாத்திரத்துக்குப் பயப்படாத, சத்தம் நிண்ட பாத்திரத்துக்குப் பயப்படு." நான் தலையை ஆட்டிக்கொண்டு, அவர் சொன்னபடியே வால்வின் இருக்கையைத் தேய்த்துச் சரிசெய்து கொடுத்தேன். அவர் போன பிறகு தையல் கடைக்காரரிடம் சிரித்தேன். பொம்பிளைக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும் என்று சொன்னேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அதன் பிறகு சவூதிக் காலம் வந்தது. வீட்டுக்கு ஒருவர் போனார். போனவர் திரும்பி வரும்போது கசற் ரேடியோ, கம்பளி, பிரஷர் குக்கர். குக்கருக்கு எங்கள் பக்கத்தில் சவூதிப் பானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிழட்டு மாட்டிறைச்சியும் அரை மணித்தியாலத்தில் வெந்துவிடுகிறது என்றால் யார்தான் விடுவார்கள்? காஸ் அடுப்புக்கென்று செய்த பானையை நாங்கள் விறகடுப்பில் ஏற்றினோம். அடுப்பில் தேங்காய்ச் சிரட்டையைப் போட்டால் நெருப்பைக் குறைக்கவும் வழியில்லை.

நோன்பு வந்ததும் அந்தப் பானையில் கஞ்சி காய்ச்சத் தொடங்கினார்கள். பிழை அங்கேதான். நோன்புக் கஞ்சி சோறு மாதிரி இல்லை. அரிசி, தேங்காய்ப்பால், வெந்தயம், உள்ளி, கொஞ்சம் இறைச்சி எல்லாம் சேர்ந்து பசைபோலத் திரண்டு பொங்கும். அண்டை வீட்டுக்கும் பள்ளிக்கும் அனுப்ப வேண்டுமே என்று பானையை வாய்முட்ட நிரப்புவார்கள். பொங்கிய கஞ்சி, விசில் குண்டு உட்காரும் சிறிய குழாய்க்குள் ஏறி அடைத்துக்கொள்ளும். ஆவிக்கு வழியில்லை. அப்படி நேர்ந்தால் காப்பாற்றுவதற்கென்றே மூடியின் ஓரத்தில் இன்னொரு சிறிய வால்வு வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஈயம் போன்ற ஒன்று இருக்கும். சூடு எல்லை மீறினால் அது உருகி, ஆவியை வெளியே விட்டுவிடும். கூரையில் கஞ்சி தெறிக்கும், பெண்கள் பயந்து கத்துவார்கள், ஆனால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

உருகிப்போன வால்வுக்குப் பதில் வால்வு கல்முனையில் இல்லை. கொழும்பிலும் அந்தப் பானைகளுக்குக் கிடைக்கவில்லை. பானை பழுதாகிவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் அந்த ஓட்டையில் மரை வெட்டி, பித்தளைப் போல்ட் ஒன்றை இறுக்கி, பொலிஷ் போட்டுக் கொடுத்தேன். "இனி ஒங்கட பேரப்புள்ளைக்கும் தாங்கும்," என்று சொல்லியும் அனுப்பினேன். இப்படி ஒன்பது மூடிகள். தலைகீழாக நின்று யோசித்தாலும் அன்றைக்கு எனக்கு அதில் பிழை தெரிந்திருக்காது. நல்ல வேலை செய்தேன் என்ற பெருமைதான் இருந்தது.

ஒரு நோன்பின் பதினேழாம் நாள் மாலை, சுலைஹா என்ற இளம் பெண் தன் வீட்டுக் குசினியில், கைமாறி வந்த ஒரு சவூதிப் பானையில் கஞ்சியை அடுப்பில் ஏற்றினார். பானை முதலில் ஒருமுறை சீறிவிட்டு அமைதியாகிவிட்டது. நெருப்புப் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு சிரட்டையைத் தள்ளினார். நோன்பு திறக்கும் பாங்குக்கு நேரம் நெருங்கியது. சத்தமே இல்லையே, ஆவி இறங்கிவிட்டது என்று எண்ணிப் பானையை இறக்கி மூடியைத் திருகினார். மூடி கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு போனது. கொதித்த கஞ்சி முகத்திலும் கழுத்திலும் கையிலும் அப்பிக்கொண்டது. கொதிதண்ணீர் என்றால் வழிந்துவிடும். கஞ்சி வழியாது.

இரண்டு வீடு தள்ளி, பிறந்த குழந்தையைப் பார்க்க வந்திருந்த ஹாஜறா மிசி சத்தம் கேட்டு ஓடினார். ஒருத்தி பேனா மை ஊற்றப் போனாளாம், இன்னொருத்தி பற்பசையோடு நின்றாளாம். "ஒண்டும் பூசாதீங்க! தண்ணி, தண்ணி மட்டும் அள்ளுங்க!" என்று கத்தி, வாகனம் வரும்வரை கிணற்றடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். கண் தப்பியது. இடது கன்னமும் கழுத்தும் தப்பவில்லை.

மறுநாள் காலை மிசி என் கடைக்கு வந்தார். கடதாசியில் சுற்றியிருந்த மூடியை மேசையில் வைத்துப் பிரித்தார். மூடி ஒரு பக்கம் வளைந்திருந்தது. போல்ட் மட்டும் அசையாமல் அப்படியே இருந்தது.

"இது ஒங்கட வேலையா பாஸ்?"

"இல்ல மிசி," என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த பஸாரில் மரை வெட்டுகிற ஆள் நான் ஒருவன்தான் என்பது அவருக்கும் தெரியும்.

"நோம்போட இரிக்கீங்க பாஸ்," என்றார். அவ்வளவுதான்.

"ஓம் மிசி. நான்தான்."

"இப்பிடி எத்தின போட்டீங்க?"

"ஒம்பது."

"இதப் போக எட்டு," என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. "அழுறத மறுகா அழலாம். ஆர் ஆர்ர பானை? பேரச் சொல்லுங்க," என்றார். எனக்கு ஆறு பேருடைய பெயர்தான் ஞாபகம் வந்தது. மற்ற இரண்டும் யாருடையவை என்று சொல்ல முடியவில்லை.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "நான் ஒங்கட பேரச் சொல்லமாட்டன். ஒங்களில இரக்கப்பட்டு இல்ல. சொன்னா ஒங்கட கடைக்கு ஆரும் மூடியக் கொண்டு வரமாட்டாங்க. கொண்டு வந்தாத்தானே கழட்டலாம்." நான் அன்றைக்கு அதைப் பெரிய கருணை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அது தண்டனை மாதிரியும் இருந்தது. கழற்றுகிற வேலை என் தலையில், வெளியில் சொல்லவும் முடியாது.

அந்த நோன்பு முடிவதற்குள் நான்கு மூடிகளைப் பிடித்துவிட்டார். குழந்தைக்கு நிறை பார்க்கப் போகும் வீடுகளில் குசினிக்குள்ளும் போய்விடுவார். எந்த ஆம்பிளைக்கும் அந்த வழி கிடையாது. மூடியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குழாய் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். வெளிச்சம் தெரியாவிட்டால் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவிக் குத்திக் காட்டுவார். "அரைப் பானைக்கு மேல போடாதீங்க புள்ள. கஞ்சிய இதில வெக்கவே வெக்காதீங்க, மண்சட்டி இரிக்கி. சத்தம் நிண்டா நெருப்ப அணைச்சிட்டுத் தூரப் போங்க, உடன துறக்காதீங்க." ஊர் சும்மா இருக்குமா? 'பானை மிசி' என்று பெயர் வைத்தது. புள்ளப்பெறு பார்க்க வந்தவர் சட்டிபானை பார்க்கிறார் என்று சிரித்தது. அவர் காதிலும் விழுந்தது. "பேர்ல என்ன கிடக்கு, மூடியக் காட்டுங்க," என்பாராம்.

போல்ட்டைக் கழற்றினால் மட்டும் போதாதே, வால்வு வேண்டும். அதற்கும் அவரே வழி கண்டார். அந்த நாட்களில் சவூதியில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதுவதில்லை, கசற்றில் பேசி அனுப்புவார்கள். ஒரு வீட்டில் மனைவி கணவனுக்குப் பேசிக்கொண்டிருந்த நேரம் மிசி பக்கத்திலிருந்து, "வால்வு சொல்லுங்க, வால்வு," என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு வெட்கம். கடைசியில் மிசியே மைக்குக்குக் கிட்ட வாயை வைத்து, "தம்பி, மிசி கதைக்கிறன். வாசனைப் போத்தல் வேணாம். பானை மூடிக்குப் போடுற சேப்டி வால்வு ஒரு இருவது கொண்டாங்க," என்று பேசிவிட்டாராம். அந்த மனிதர் விடுமுறையில் வரும்போது சொக்ஸ் ஒன்றுக்குள் போட்டு இருபது வால்வுகளைக் கொண்டுவந்தார். எங்கள் இருவருக்கும் அன்று ஒரு நிறைவு. அவர் சிரித்து நான் கண்ட நாட்களில் அது ஒன்று.

மிச்சம் நான்கு. ஒன்று சீதனத்தோடு சம்மாந்துறைக்குப் போயிருந்தது. ஒன்று தேத்தண்ணிக் கடையில் கடலை அவித்துக்கொண்டிருந்தது. ஒன்றை நிந்தவூரில் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. இடையில் சண்டையால் வீதியில் பஸ் ஓடாத மாதங்களும் வந்தன, ஊருக்கு ஊர் போக ஆட்கள் பயந்த காலம். அப்போதும் பாதை திறந்த மறுநாளே கேட்டுக்கொண்டு போய்விடுவார். ஏழு வந்துவிட்டது.

கடைசி ஒன்று வரவில்லை. அதன் சொந்தக்காரி யாரென்று எனக்கு ஞாபகம் வந்தபோது வருடங்கள் போய்விட்டன. மிசி அவரிடம் போனார். முதலில், எனக்குப் பானையே இல்லை என்றார். அடுத்த முறை, கடலில் எறிந்துவிட்டேன் என்றார். ஆறாவதோ ஏழாவதோ தடவையில்தான் உண்மை வந்தது. பானையைச் சாம்பலும் தேசிக்காயும் போட்டு மினுக்கி, பழைய பெட்டியிலேயே திரும்ப வைத்து, புருஷன் பக்கத்துக் கல்யாணம் ஒன்றுக்குப் புதுப் பானை என்று கொடுத்துவிட்டாராம். யாருக்கு என்று சொன்னால் மானம் போகும், உறவும் முறியும். "என்னக் கொன்னாலும் சொல்லமாட்டன் மிசி," என்றாராம். மிசி அந்தப் பெயரையும் யாரிடமும் சொல்லவில்லை, நானும் இங்கே எழுதமாட்டேன்.

அதன் பிறகு கல்யாணமான வீடெல்லாம் ஏறி இறங்கினார். களைத்துப்போய் என் கடைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருக்கும் அலுத்துப்போயிருந்தது. மவுத்தாவதற்கு ஒரு கிழமைக்கு முன்பும் வந்தார்.

"நோம்பு வருது பாஸ். அந்த ஒண்டு எங்க கிடக்கோ."

"விடுங்க மிசி," என்றேன். "இவ்வளவு காலமா ஒண்டும் நடக்கல்லத்தானே. பானையே ஒடஞ்சி போயிருக்கும்."

"நடக்கல்ல எண்டா இன்னும் நடக்கல்ல எண்டுதான், பாஸ்," என்று சொல்லிவிட்டுக் குடையை ஊன்றி எழுந்தார். அந்நிய ஆணான நான் கையைப் பிடித்துத் தூக்கியும் விட முடியாது, வாசல்வரை பின்னால் போனேன். அதுதான் கடைசி.

ஜனாஸா தொழுகைக்கு முன் அவருடைய மகன் முன்னால் வந்து நின்று, "எங்கட உம்மா ஆருக்காவது சொல்லால, செயலால பிழை செஞ்சிரிந்தா அல்லாஹ்வுக்காக மாப்புக் குடுங்க," என்று கேட்டார். மூன்றாவது வரிசையில் நான் நின்றேன். அந்த மனுஷி எனக்கு என்ன பிழை செய்தார்? மாப்புக் கேட்க வேண்டியவன் வரிசையில் நிற்கிறான், கேட்பது அவருடைய பிள்ளை. முன்னால் போய்ச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து, குடுத்திட்டம், குடுத்திட்டம் என்று முணுமுணுத்துவிட்டு, மையவாடிக்குப் போய் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு சுலைஹாவின் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடமும் அந்தத் தெருவால் நான் போவதில்லை. இப்போது அவருக்கு இரண்டு பிள்ளைகள். இடது கன்னத்துத் தோல் சுருங்கி, வாய் சற்று இழுத்திருக்கிறது. முந்தானையால் மறைக்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன், அந்தப் போல்ட்டைப் போட்டவன் நான்தான் என்று.

"தெரியும் காக்கா," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஆஸ்பத்திரியில கட்டவிழ்த்த அண்டைக்கு மிசி சொன்னாங்க. செஞ்ச ஆள் ஆரெண்டு எனக்குத் தெரியும், உன்ட உடம்புதானே வெந்த, ஊருக்குச் சொல்லுறதா வேணாமா எண்டு நீதான் சொல்லணும் எண்டாங்க. இப்ப சொன்னா கடைக்குக் கல்லெறிவாங்க, மிச்சப் பானையெல்லாம் ஒளிஞ்சிரும் எண்டும் சொன்னாங்க. கடை எண்டதுமே ஆரெண்டு எனக்கு விளங்கிட்டு. அப்ப எட்டும் வரட்டும் மிசி, மறுகா கேப்பம் எண்டு நான்தான் சொன்னன்." பிறகு கேட்டார்: "எத்தின வந்த?"

"ஏழு."

"அப்ப இன்னம் ஒண்டு இரிக்கி."

நான் மாப்புக் கேட்டேன். என் மனைவி அழுதுகொண்டிருந்தார். சுலைஹா தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "அந்த ஒண்டும் வரட்டும் காக்கா," என்றார். தேத்தண்ணி தந்தார். புறப்படும்போது, "மிசிர புத்தகத்தில எழுதப் போறீங்களாமே. என்ட பேரப் போட்டு எழுதுங்க. ஒங்கட பேரையும் போடுங்க," என்றார்.

ஆகவே போடுகிறேன். என் பெயர் இப்றாலெப்பை. கல்முனை பஸாரில் லேத் கடை வைத்திருப்பவன். சுலைஹாவின் முகம் வெந்தது என் கைவேலையால். மிசி இத்தனை வருடம் மறைத்து வைத்தது என் பெயரைத்தான்.

நான்கைந்து வருடங்களுக்கு முன் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு யாராவது பெட்டியோடு பிரஷர் குக்கர் தந்திருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் குசினிக்குப் போய் மூடியைப் பாருங்கள். புதுப் பானையின் மூடியில் பித்தளைப் போல்ட் இருக்காது. இருந்தால் அது பழைய பானை, போல்ட் என்னுடையது. அடுப்பில் ஏற்ற வேண்டாம். தந்தது யார் என்று நான் கேட்கமாட்டேன், நீங்களும் தேடிப்போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். இந்தக் கதையில் வெட்கப்பட வேண்டியவன் நான் ஒருவன் போதும்.

இதை எழுதும் இன்று நோன்புக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. நாளைக் காலையிலிருந்து சுலைஹாவும் என் மனைவியும் வீடு வீடாகப் போகிறார்கள். நான் கேட்கவில்லை, சுலைஹாவே சொன்னார். அவர்கள் குசினிக்குள் வருவார்கள், நான் வால்வுப் பையோடு வெளியே படலை வாசலில் நிற்பேன்.

மிசி, நீங்கள் இனி நடக்க வேண்டாம். காலை நீட்டிப் படுங்கள். அல்லாஹ் உங்கள் கபுறை விசாலமாக்கி வைப்பானாக. இந்த ஒன்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.